ஐபிஎம்ஐடூல் பேட்ச்களைக் குவில்ட்டில் வைத்துப் பராமரிக்கும் முறை

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ சர்வர் அறை வைத்திருப்பவர்களுக்கு லோட் ஷெடிங் என்ற சுழற்சி மின்வெட்டு ஒரு வேலையைக் கட்டாயமாக்கியது. கரண்ட் திரும்பியதும் எந்தப் பெட்டி தானாக எழ வேண்டும், எது காத்திருக்க வேண்டும் என்று பிஎம்சியில் (சர்வருக்குள் இருந்து அதைக் கண்காணிக்கும் சிறு கணினி) முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். பிஎம்சியுடன் பேசும் கருவியான ஐபிஎம்ஐடூலின் சாசி பாலிசி கட்டளைக்கு ஆல்வேஸ்-ஆன் (எழு), ப்ரீவியஸ் (முன்பிருந்த நிலைக்குப் போ), ஆல்வேஸ்-ஆஃப் (எழாதே) என மூன்று மதிப்புகள். எல்லாப் பெட்டிக்கும் ஆல்வேஸ்-ஆன் கொடுத்தால், எல்லாம் ஒரே நொடியில் எழும்போது பிரேக்கர் விழுந்துவிடலாம். இப்படிப்பட்ட கட்டளையை எழுதும் கருவியில் உங்கள் சொந்தத் திருத்தங்களும் (பேட்ச்கள்) இருந்தால், அவை என்னென்ன, ஏன் இருக்கின்றன என்பது எப்போது பார்த்தாலும் தெரிய வேண்டும்.

டெபியன், உபுண்டு ஆகிய இரண்டு லினக்ஸ் வகைகளிலும் மூல நிரலின் டெபியன் அடைவுக்குள் பேட்சஸ் என்ற அடைவு இருக்கும். அதிலுள்ள சீரீஸ் கோப்பில் எந்த வரிசையில் எழுதியிருக்கிறதோ அந்த வரிசையில்தான் பேட்ச்கள் ஏறும். கோப்புப் பெயரின் முன்னால் நீங்கள் போடும் எண்ணுக்கு மதிப்பில்லை. பேட்ச்களை வரிசையாக ஏற்றி இறக்கும் கருவியான குவில்ட் தானாக இந்த அடைவைத் தேடாது. அதன் அமைப்புக் கோப்பில் பாதையைக் குறித்துவிடுங்கள். மறந்தால் நிரலின் உச்சியில் புதிதாக ஒரு பேட்சஸ் அடைவு முளைக்கும், உங்கள் திருத்தம் பேக்கேஜுக்குள் போகவே போகாது.

புதிய பேட்ச் போடும் வரிசை இது: இருக்கும் பேட்ச்கள் எல்லாவற்றையும் புஷ் செய்யுங்கள் (நிரலின் மேல் ஏற்றுங்கள்), நியூ கட்டளையால் பெயர் கொடுங்கள், தொடப்போகும் கோப்பை ஆட் செய்யுங்கள், திருத்துங்கள், ரிஃப்ரெஷ் செய்யுங்கள் (திருத்தத்தைப் பேட்சில் பதியுங்கள்). ஆட் செய்வதற்கு முன் திருத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ஆட் செய்த கணத்தில் இருக்கும் உருவத்தையே குவில்ட் மூலப்பிரதி என்று எடுத்துவைக்கும். அதனால் அதற்கு முன் செய்த திருத்தம் பேட்சில் வராது. அப்படி ஆகிவிட்டால் திருத்திய கோப்பை வேறிடத்தில் நகலெடுத்து, பழையதை மீட்டு, ஆட் செய்து, நகலைத் திரும்ப வையுங்கள். இந்தத் தொல்லை வேண்டாமென்றால் எடிட் கட்டளை போதும்; ஆட் செய்து, கோப்பையும் திறந்துவிடும். ரிஃப்ரெஷ் செய்யும்போது நேரமுத்திரையை நீக்கும் விருப்பத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியில் பொருளற்ற மாற்றங்கள் குவியும்.

ஒவ்வொரு பேட்சின் தலையிலும் என்ன மாற்றம், எங்கிருந்து எடுத்தது, மூலத் திட்டத்துக்கு அனுப்பியாயிற்றா, கடைசியாகப் பார்த்த தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். ஒரு பேட்சில் ஒரே காரணம். இரண்டு காரணங்களைச் சேர்த்தால் பின்னால் ஒன்றை மட்டும் கழற்ற முடியாது.

இதன் அருமை பதிப்பு மாறும்போது தெரியும். ஐபிஎம்ஐடூலின் 1.8.18 பதிப்பு 2016-இல் வந்தது, 1.8.19 2022-இல். இடையில் சிவிஇ-2020-5208 என்ற பஃபர் ஓவர்ஃப்ளோ பாதுகாப்புக் குறைபாடு வெளிவந்ததால், 1.8.18 வைத்திருந்தவர்கள் அதன் திருத்தங்களைப் பேட்ச்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். 1.8.19-இல் அவை ஏற்கெனவே உள்ளன. புதிய நிரலின் மேல் புஷ் செய்யும்போது, இந்தப் பேட்சைத் தலைகீழாகப் போட முடியும் என்று குவில்ட் சொன்னால், மூலத்திலேயே சேர்ந்துவிட்டது என்று பொருள். நிரலைத் திறந்து ஒருமுறை பார்த்துவிட்டு, டிலீட் கட்டளையால் நீக்குங்கள். பாதி மட்டும் சேர்ந்திருந்தால் இந்தச் செய்தி வராது. பேட்சின் சில துண்டுகள் (ஹங்க்கள்) ஏறாமல் தோற்கும். அப்போது கட்டாயப் புஷ் செய்து, ரெஜ் கோப்பில் விழுந்தவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்து ரிஃப்ரெஷ் செய்வதைத் தவிர வழியில்லை.

துண்டு சில வரி தள்ளி உட்கார்ந்தால் கவலைப்பட வேண்டாம். ஃபஸ் என்ற எச்சரிக்கை வந்தால் கவலைப்படுங்கள். சுற்றியுள்ள வரிகள் இரண்டு வரை பொருந்தாவிட்டாலும், பேட்ச் என்ற கருவி துண்டை ஏற்றிவிடும்; அதைத்தான் ஃபஸ் என்கிறார்கள். ஐபிஎம்ஐடூலில் கோரிக்கையைத் தயார்செய்து அனுப்பும் அதே நாலைந்து வரிகள் ஏராளமான ஃபங்ஷன்களில் திரும்பத் திரும்ப வரும். துண்டு பக்கத்து ஃபங்ஷனில் போய் ஒட்டிக்கொண்டாலும் கம்பைல் ஆகும், ஆனால் பிஎம்சிக்குத் தவறான கட்டளை போகும். ஃபஸ் அளவை 0 எனக் கொடுத்தே புஷ் செய்யுங்கள். டெபியன் பேக்கேஜ் கருவியும் ஃபஸ்ஸை ஏற்காது, நல்லதுதான்.

மெயிலிலிருந்தோ பிரவுசரிலிருந்தோ பேட்சை நகலெடுக்காதீர்கள். டாப்கள் ஸ்பேஸாக மாறும், விண்டோஸ் வரிமுடிவு புகும், பார்வைக்குச் சரியாக இருந்தும் ஒரு துண்டுகூட ஏறாது. கோப்பாகவே தரவிறக்குங்கள்.

பில்ட் ஆனதும் ஒரே ஒரு உதிரி சர்வரில் சோதியுங்கள். சாதனக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வந்தால் பேட்சைக் குறைசொல்லும் முன் கெர்னலின் ஐபிஎம்ஐ மாட்யூல்கள் ஏறியுள்ளனவா பாருங்கள். முதலில் படிக்க மட்டும் செய்யும் கட்டளைகள்: எம்சி இன்ஃபோ, எஃப்ஆர்யு பிரிண்ட், சாசி பாலிசி லிஸ்ட். பிறகு பாலிசியை எழுதி, சாசி ஸ்டேட்டஸில் பவர் ரீஸ்டோர் வரி மாறியதா என்று சரிபாருங்கள். கடைசியாக வயரைப் பிடுங்கி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி செருகுங்கள். ஆல்வேஸ்-ஆஃப் போட்ட பெட்டி எழுந்துகொண்டால் பேட்ச் தொட்ட ஃபங்ஷனை முதலில் பாருங்கள், பிஎம்சியை அடுத்ததாக.