கெண்டைக்காலை நீட்டும்போது முட்டியை மடக்க வேண்டுமா?

கெண்டைக்கால் இறுக்கத்துக்காகத் தினமும் சுவரைப் பிடித்து நீட்டிப்பு செய்பவர்கள் பலர், அங்கிருக்கும் இரண்டு பெரிய தசைகளில் ஒன்றை மட்டும் நீட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மற்றது அப்படியே இறுகிக் கிடக்கும்.

காலின் பின்பக்கம் இரண்டு மேடாகப் புடைத்துத் தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். தொடை எலும்பின் அடிமுனையில், உள்பக்கம் ஒரு தலையும் வெளிப்பக்கம் ஒரு தலையுமாகத் தொடங்குகிறது. அதன் அடியில் தட்டையாகப் படுத்திருப்பது சோலியஸ். இது முட்டிக்குக் கீழேதான், காலின் இரண்டு எலும்புகளின் பின்புறத்திலிருந்து புறப்படுகிறது. செருப்பைக் குறிக்கும் ‘சோலியா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர்; சோல் என்ற தட்டை மீனின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். நம் மொழியிலும் அந்த இடத்துக்குக் கெண்டை என்று மீன் பெயர்தான் வழங்குகிறது. இரண்டு தசைகளும் கீழே அக்கிலிஸ் தசைநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பைப் பிடிக்கின்றன. சுருங்கினால் குதிகால் மேலே எழும்பும்.

மேல்தசை முட்டி, கணுக்கால் இரண்டையும் கடந்து வருகிறது. சோலியஸ் கணுக்காலை மட்டும். அதனால் முட்டியை மடக்கியதுமே மேல்தசை தளர்ந்து, இழுக்கும் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். வேலை சோலியஸ் தலையில் விழும்.

இதை உங்கள் காலிலேயே தொட்டுப் பார்க்கலாம். நாற்காலியில் முட்டி 90 டிகிரி மடங்கியிருக்கும்படி உட்காருங்கள். ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். மேல் மேடு ஓரளவு தொளதொளவென்றே இருக்கும். அந்த மேடு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, தசைநாணின் இரு ஓரங்களிலும் விரல் வைத்தால் கெட்டிப்படுவது சோலியஸ். இப்போது எழுந்து, முட்டியை நேராக வைத்துக் குதிகாலைத் தூக்குங்கள். மேல் மேடு கல் மாதிரி ஆகிவிடும். உள்பக்க மேடு வெளிப்பக்கத்தைவிடக் கீழே இறங்கியிருக்கும், அது இயல்பே.

எந்தத் தசை இறுகியிருக்கிறது? காலை நீட்டி உட்கார்ந்து, இன்னொருவரைப் பாதத்தை மேல்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். பிறகு முட்டியை மடக்கி அதேபோல் தள்ளட்டும். மடக்கியபோது பாதம் தாராளமாக மேலே வந்தால் இறுக்கம் காஸ்ட்ரோக்னீமியஸில். இரண்டு நிலையிலும் பாதம் ஒரே இடத்தில் தடைப்பட்டு நின்றால் சோலியஸையோ கணுக்கால் மூட்டையோதான் சந்தேகப்பட வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் குதிகால் தரையில் படியாதவர்களிடம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைப் பார்க்கலாம்.

நீட்டிப்புக்குச் சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் வையுங்கள். பின்முட்டி நேராக, குதிகால் தரையில் அழுந்தியிருக்க, 30 விநாடி. அதே இடத்தில் பின்முட்டியை மடக்கி இன்னொரு 30 விநாடி. இழுப்பு இப்போது கீழே, தசைநாணுக்கு அருகில் இறங்கிவிடும். ஒவ்வொன்றும் மூன்று முறை. பின்பாதம் வெளிப்பக்கம் திரும்புவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு. பாதத்தின் வளைவு சரிந்து, தசைக்குப் போக வேண்டிய இழுப்பு நடுப்பாதத்தில் போய்விடும். விரல்கள் சுவரையே நேராகப் பார்க்கட்டும்.

வலுவைச் சோதிக்க ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். 25 முறை என்பது பிசியோதெரபியில் பரவலாக வைக்கும் அளவுகோல். வயதானவர்களுக்கு இது குறையும். முட்டி மடங்கினாலோ, உயரம் குறைந்தாலோ, உடல் முன்னால் சாய்ந்தாலோ எண்ணிக்கையை அங்கேயே நிறுத்துங்கள். சோலியஸுக்குத் தனிப் பயிற்சி வேண்டுமானால், உட்கார்ந்து தொடை மேல் எடை வைத்துக் குதிகாலைத் தூக்க வேண்டும். நிற்கும்போது நாள் முழுக்க உடலைத் தாங்குவது இந்தத் தசை. மெதுவாகச் சுருங்கும் இழைகள் மிகுதி என்பதால் எளிதில் களைக்காது. எடையைக் கூட்டத் தயங்க வேண்டாம்.

இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தால் முட்டியை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி இழுங்கள். முட்டி மடங்கியிருந்தால் காஸ்ட்ரோக்னீமியஸ் நீளாது, பிடிப்பும் சட்டென விடாது.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தேய்க்கவோ நீட்டவோ கூடாது. ஆழ் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஓடும்போதோ குதிக்கும்போதோ பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல் குதிகாலுக்கு மேலே தோன்றினால், குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, இன்னொருவரைக் கெண்டைக்காலைப் பிசையச் சொல்லுங்கள். பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அக்கிலிஸ் அறுந்திருக்கலாம். ‘பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறதே’ என்று விட்டுவிடாதீர்கள்; விரல்களை மடக்கும் தசைகளும் பக்கத்துத் தசைகளும் அந்த வேலையைக் கொஞ்சம் செய்துவிடும்.