பேமென்ட் மெயில் போலியா? பார்க்கும் விதம்

"உங்கள் கணக்கு முடக்கப்பட்டது" என்று இணையப் பணப் பரிமாற்றச் சேவையான பேபால் பெயரில் மெயில் வந்தால், சேலம் செவ்வாய்பேட்டை கொலுசு வியாபாரியானாலும் முதலில் அனுப்புநர் பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். பெயரை யாரும் எப்படியும் வைத்துக்கொள்ளலாம்.

லிங்க்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் முகவரி தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பதுதான் உண்மையான தளம். 'பேபால்.காம்.ரீஃபண்ட்-செக்.நெட்' என்றால் அது பேபால் அல்ல, ரீஃபண்ட்-செக்.நெட். தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னத்தை நம்பாதீர்கள். திருடனுக்கும் அது இலவசமாகவே கிடைக்கிறது. சந்தேகமா? ஆப்பைத் தனியாகத் திறந்து கணக்கைப் பாருங்கள்.

பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் மோசடிதான்.

கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஃபிஷிங் (ஏமாற்றித் தகவல் பறிக்கும் மெயில்) எனப் புகாரளியுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பாய்ந்துவிடும், முடக்குவது கடினம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். மெயிலை அழிக்காதீர்கள், அதுதான் ஆதாரம்.