மலைக்குளிரில் பி.பி. பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் பி.பி. மெஷின் பலருக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அதில் ஒரு பகுதி உண்மையான ஏற்றம். இன்னொரு பகுதி அளக்கும் விதத்தில் வரும் பிழை. எது எவ்வளவு என்று பார்க்காமல் தாமாகவே மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

உண்மையான ஏற்றம் எங்கிருந்து வருகிறது? ஓய்வாக இருக்கும்போது இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. தோலுக்குப் போகும் சிறு தமனிகளின் சுவரில் மெல்லிய தசை உண்டு. குளிர் பட்டதும் நரம்புகள் அந்தத் தசையை இறுக்குகின்றன. உடம்பின் சூடு வெளியே போகாமல் காக்க உடல் செய்யும் ஏற்பாடு அது. குழாய்கள் சுருங்கிய பிறகும் அதே 5 லிட்டர் ஓடியாக வேண்டும், அதனால் அழுத்தம் ஏறுகிறது. விடிகாலைப் பனியில் கதவைத் திறந்து வாசல் பெருக்கிவிட்டு உடனே அளந்தால் இந்த ஏற்றம்தான் தெரியும். அறைக்குள் வந்து, கை கால் சூடான பிறகு அளக்க வேண்டும்.

மலையில் பாதி வீடுகளுக்குப் படி ஏறித்தான் போக வேண்டும். ஏறி வந்த மூச்சோடு உட்கார்ந்து அளக்கக் கூடாது. முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல், பாதத்தைப் பாயிலோ விரிப்பிலோ ஊன்றி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். டீ குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். குளிருக்கு அடிக்கடி வரும் சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தாலும் அளவு கூடும்.

அடுத்தது ஸ்வெட்டர். இங்கே எல்லோரும் செய்யும் தவறு இது. கம்பளிக்கு மேலே பட்டையைச் சுற்றினால், தமனியின் அதிர்வை மெஷின் சரியாகப் பிடிக்காது. அதற்குப் பயந்து ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினால் சுருட்டிய துணி தமனியை நெரித்து வேறொரு பிழையைத் தரும். ஒரு கையை ஸ்வெட்டரிலிருந்து முழுதாக வெளியே எடுத்துவிட்டு, உடம்பைப் போர்வையால் மூடிக்கொள்வதே சரி. பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே, டியூப் கையின் உள்பக்கமாக, ஒரு விரல் நுழையும் தளர்வோடு இருக்கட்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடுதலாகவே காட்டும். பெரிய பட்டை தனியாகக் கிடைக்கும்.

கை இதய மட்டத்தில், மேசைமேல் தாங்கலாக இருக்க வேண்டும். பட்டை இதயத்துக்குக் கீழே 10 செ.மீ. இறங்கினால் ரத்தத்தின் எடையே ஏறத்தாழ 8 புள்ளி கூட்டிவிடும். கையைத் தொங்கவிட்டு அளந்த 138, உண்மையில் 130 ஆக இருக்கலாம்.

ஒரே ஒரு அளவை நம்பாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும், 7 நாட்கள் எழுதி வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் சராசரி வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாடி தாறுமாறாகத் துடிப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் சில நேரம் தவறாகக் காட்டும். அவர்களுக்கு மருத்துவரே கையால் அளப்பது நல்லது. கோவைக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ இறங்கியதும் வெயிலில் அளவு குறைவது இயல்பு. அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்தக் கூடாது. தலைசுற்றல் இருந்தால் அளவுகளோடு மருத்துவரைப் பாருங்கள்.

சளி மாத்திரையையும் கவனிக்க வேண்டும். மூக்கடைப்புக்குத் தரும் பல மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். மூக்கின் ரத்தக்குழாயைச் சுருக்குவதுதான் அதன் வேலை. மற்ற இடத்துக் குழாய்களும் சேர்ந்து சுருங்கலாம். மூட்டுவலிக்குப் போடும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை உப்பையும் நீரையும் உடலில் தேக்கி பி.பி.யை ஏற்றும். கடையில் வாங்கும்போதே பி.பி. இருப்பதைச் சொல்லுங்கள்.

180/120க்கு மேல் போய், கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கம் பலவீனம் எதுவும் இருந்தால் உடனே 108. வாயுத்தொல்லை என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். மலைப்பாதையில் போய்ச் சேரவே நேரம் ஆகும்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரிலும் இதே குளிர்ப் பிழை உண்டு. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. ஆகவே சமவெளியில் 98 காட்டும் விரல் இங்கே 94, 95 காட்டினால் பதற வேண்டியதில்லை. விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டு அளக்க வேண்டும்.

ஆனால் மூடிய அறையில் கரி மூட்டிக் குளிர்காய்ந்த பிறகு இந்தக் கருவியை நம்பவே கூடாது. கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அந்த ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்ததாகவே கருவி கணக்கிடும். 98 காட்டிக்கொண்டிருக்கும்போதே ஆள் மயங்கலாம். தலைவலி, குமட்டல் தொடங்கினால் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். அறையில் கரி எரிந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அப்போதுதான் விரலைப் பார்க்காமல் ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள்.