பருத்திக்குப் பார் இடைவெளி: கரிசலில் ஒன்று, கிணற்றுப் பாசனத்தில் வேறு

பக்கத்துக் காட்டைப் பார்த்துப் பாருக்கு, அதாவது விதை ஊன்றும் மேட்டு வரிசைக்கு, இடைவெளி போடாதீர்கள். கையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, செடி எவ்வளவு படரும் என்பதுதான் கணக்கு.

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் புரட்டாசியில் மழையை நம்பி மானாவாரியாக விதைக்கும் கே.சி. 3 ரகத்துக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. ஏக்கருக்கு 60,000 செடி வரும். நெருக்கம் என்று பயப்பட வேண்டாம். கார்த்திகையோடு மழை ஓய்ந்தால் மண்ணில் நிற்கும் ஈரம்தான் மிச்சம். செடி படர்ந்து காய் பிடிக்க அதற்குள் நேரம் இருக்காது. செடிக்கு மூன்று காய் நேரத்தோடு வெடித்தாலே விளைச்சல் தேறும்.

மாசிப் பட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி இறவையாகப் போடும் எஸ்.வி.பி.ஆர். 2 ரகத்துக்கு 75-க்கு 30 செ.மீ., ஏக்கருக்கு 18,000 செடி. வீரிய ஒட்டுக்கு 120-க்கு 60. கோ 17 ரகம் பக்கக்கிளை வீசாமல் ஒடுக்கமாக வளரும், அதனால் 100-க்கு 10 தாங்கும். ஒட்டு ரகத்தை இப்படி நெருக்கினால் அடியில் வெளிச்சம் படாது. சப்பை (பூ மொட்டு) கொட்டும், அடிக்காய் அழுகும்.

பஞ்சு ஒட்டிய விதையைச் சாணிக் கரைசலும் செம்மண்ணும் சேர்த்துக் கையால் தேய்த்து நிழலில் உலர்த்துங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் உருண்டு விழுந்தால்தான் இடைவெளி கையில் நிற்கும். 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் போடாதீர்கள். எஸ்.வி.பி.ஆர். 2 என்றால் பாரில் 30 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுக்கு இரண்டு விதை ஊன்றுங்கள். பத்தாம் நாள் பாடு விழுந்த, அதாவது முளைக்காத, இடத்தில் மறு ஊன்றல், பதினைந்தாம் நாள் கலைப்பு: குத்துக்கு ஒரு செடியை விட்டு மற்றதைப் பிடுங்குவது. கலைக்க மனம் வராமல் ஒரு மாதம் தள்ளினால் வேர் பின்னிக்கொள்ளும். ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் ஆடிப்போகும்.

மானாவாரிக்கு ஏக்கருக்கு 35 கிலோ யூரியா, 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் போதும். செழிப்பைப் பார்க்க ஆசைப்பட்டுக் கூடுதல் யூரியா போட்டால் தத்துப்பூச்சி ஏறும். இலை ஓரம் மஞ்சளாகிக் கீழ்நோக்கிச் சுருண்டு சிவந்தால் அதுதான். இலையைப் புரட்டினால் பச்சைக் குஞ்சுகள் பக்கவாட்டில் ஓடும்.

இறவையில் காய் பிடிக்கும்போது இரு வரிசைக் கிளையும் நுனி தொட்டால் இடைவெளி சரி. அதற்கு முன்பே மூடிக்கொண்டால் 75-ஆம் நாளுக்கு மேல் ரகங்களுக்குப் பதினைந்தாம் கணுவில் நுனி கிள்ளுங்கள். ஒட்டுக்கு இருபதாம் கணு.