வீட்டு சர்வர் அமைக்கலாம்: முதலில் டிஸ்க், பிறகுதான் சேவைகள்

சொந்தப் படங்களையும் வீடியோக்களையும் வீட்டுக் கணினியிலேயே வைத்துப் பார்க்க இரண்டு மென்பொருள்கள்: புகைப்படங்களுக்கு இம்மிச், வீடியோக்களுக்கு ஜெல்லிஃபின். இவ்விரண்டையும் ஓட்ட 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றிவிடுங்கள்.

1. டெபியன் லினக்ஸ் நிறுவும்போது டெஸ்க்டாப்பைத் தவிர்த்து, வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரை டிக் செய்யுங்கள். மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கிவிடும். இதைத் தடுக்க, லாகின்-டி அமைப்புக் கோப்பில் (logind.conf) ‘ஹேண்டில் லிட் சுவிட்ச்’ (HandleLidSwitch) என்பதை ‘இக்னோர்’ (ignore) ஆக்குங்கள்.

2. வைஃபை வேண்டாம், லேன் கேபிள் செருகுங்கள். ரவுட்டரில் ஐபி முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் இந்தக் கணினிக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள்.

3. டேட்டா டிஸ்க்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்குத் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி (sda, sdb) போன்ற பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறலாம் என்பதால், எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் டிஸ்க்கின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடியையே எழுதுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ (nofail) என்பதையும் சேருங்கள். இல்லையேல் டிஸ்க் கிடைக்காத நாளில் சர்வர் எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும்.

ஆனால் நோஃபெயில் வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். டிஸ்க் அதற்கான ஃபோல்டரில் இணையாவிட்டாலும், அதாவது மவுண்ட் ஆகாவிட்டாலும், சர்வர் எழுந்துவிடும். இம்மிச் போன்ற சேவைகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கர், சிஸ்டம் டிஸ்க்கில் உள்ள அந்த வெற்று ஃபோல்டருக்குள்ளேயே எழுதத் தொடங்கும். பழைய படங்கள் காணாமல் போனதுபோலத் தெரியும், சிஸ்டம் டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகும். இதைத் தடுக்க, டிஸ்க்கை மவுண்ட் செய்யும் முன்பே வெற்று ஃபோல்டருக்கு ‘சிஹெச்ஆட்டர்’ (chattr) கட்டளையால் ‘பிளஸ் ஐ’ (+i) பண்பைக் கொடுங்கள். அதன்பின் முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரால்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க் இல்லாதபோது கன்டெய்னர் பிழை காட்டி நிற்கும். அதுதான் நமக்கு வேண்டும்.

4. பல கன்டெய்னர்களை ஒரே கோப்பிலிருந்து இயக்கும் டாக்கர் கம்போஸில் இம்மிச், ஜெல்லிஃபின் இரண்டையும் இயக்குங்கள். இம்மிச் 2283 போர்ட்டிலும், ஜெல்லிஃபின் 8096 போர்ட்டிலும் திறக்கும். படங்கள் பெரிய டிஸ்க்கில் இருக்கட்டும். இம்மிச்சின் டேட்டாபேஸை எஸ்எஸ்டியில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: டாக்கர் வெளியிடும் போர்ட்கள் யுஎஃப்டபிள்யூ (லினக்ஸ் ஃபயர்வால் கருவி) விதிகளைத் தாண்டிச் செல்லும். ஃபயர்வாலில் மூடிவிட்டோம் என்று நம்பி இருக்காதீர்கள்.

5. வெளியிலிருந்து அணுக ரவுட்டரில் போர்ட் திறக்க வேண்டாம். சர்வரிலும் போனிலும், இரண்டையும் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் ஆன டெயில்ஸ்கேல் போடுங்கள். ரவுட்டரின் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் சிஜிநாட்டுக்குள் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபியைப் பகிரும் ஏற்பாடு) இருக்கிறீர்கள். போர்ட் திறந்தாலும் பெரும்பாலும் பயன் இருக்காது.

6. ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு, பேக்கப் ஆகாது. தவறி அழித்த படம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். தனி டிஸ்க் ஒன்றிலும், வீட்டுக்கு வெளியே ஓரிடத்திலும் நகல் வையுங்கள். இம்மிச்சில் பட ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் ஆல்பங்களும் முகப் பெயர்களும் போய்விடும். அவை டேட்டாபேஸில் இருப்பதால் அதன் டம்ப்பும் (டேட்டாபேஸின் ஏற்றுமதி நகல்) சேர வேண்டும். பழைய படங்களைப் போனிலிருந்து நீக்கும் முன், இந்த நகலை வேறொரு கணினியில் மீட்டெடுத்து ஆல்பங்கள் வருகின்றனவா என்று பாருங்கள்.