99 வயதுக்காரர் எங்கிருந்து வந்தார்?

கோப்பாய்ப் பக்கம் வீடு வீடாக வினாக்கொத்து நிரப்பிய மருமகள் ஒருத்தி, போன கிழமை மடிக்கணினியோடு வந்தாள். “மாமா, சராசரி வயது சரியில்லை.” பார்த்தால், பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று போட்டிருக்கிறாள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளுக்கு அது தெரியுமா? அதையும் வயதாகவே கூட்டிவிட்டது. 18 பேரின் இடை, அதாவது சராசரி, 40 என்றால், இரண்டு 99 சேர்ந்ததும் அது 45.9 ஆகிவிடும்.

திருத்துவது சுலபம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் மாறிகளின் பட்டியலைக் காட்டும் வேரியபிள் வியூவில் ‘மிஸ்ஸிங்’ என்ற நிரலில் அந்த மாறிக்குரிய கட்டத்தை அழுத்தி, டிஸ்கிரீட் என்பதைத் தெரிந்து 99 என்று எழுதுங்கள். மூன்று எண்கள் வரை கொடுக்கலாம்: மறுத்தவர், தெரியாதவர், பொருந்தாதவர் என்று பிரித்து வைத்தால் அறிக்கை எழுதும்போது உதவும். அப்புறம் இடையை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

ஆனால் வயதுக்கு 99 வேண்டாம் என்பேன். எங்கள் ஒழுங்கையிலேயே அந்த வயதை எட்டப்போகும் ஆச்சி ஒருவர் இருக்கிறார்! 999 அல்லது -9 பாதுகாப்பு.

‘ஆர்’ என்ற இன்னொரு புள்ளிவிவர மென்பொருளைப் பாவிப்பவர்கள் அந்த எண்ணை என்ஏ, அதாவது ‘தரவு இல்லை’ என்ற குறியாக மாற்ற வேண்டும். அதன்பின் இடை கேட்டால் அதுவும் என்ஏ என்றே வரும், பயப்படாதீர்கள், என்ஏக்களை விட்டுவிட்டுக் கணக்கிடச் சொல்லும் என்ஏ.ஆர்எம் என்பதை ட்ரூ ஆக்கினால் சரி.

எஸ்பிஎஸ்எஸ் வாங்க வசதியில்லையா? அதைப் போன்ற பிஎஸ்பிபி என்ற மென்பொருள் இலவசம், எஸ்பிஎஸ்எஸ்ஸின் எஸ்ஏவி கோப்புகளையும் திறக்கும். தோற்றம் கொஞ்சம் பழசுதான்.