ஏலத்தில் பழைய ஆசியப் பீங்கான் எடுப்பது எப்படி: பட்டியல் வரியிலிருந்து பொட்டலம் பிரிப்பது வரை

2013 மார்ச்சில் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் சீனாவின் வடக்கு சோங் வம்ச காலத்து வெள்ளைக் கிண்ணம் ஒன்று 22 லட்சம் டாலருக்கும் மேல் போனது. விற்றவர்கள் அதைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டு வாசல் விற்பனையில் 3 டாலருக்கு வாங்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலர் ஏலத்தின் பக்கம் வருகிறார்கள். வரட்டும். ஆனால் அந்தக் கிண்ணம் 3 டாலருக்குக் கிடைத்தது வீட்டு வாசலில். ஏலத்துக்கு வந்த பிறகு அதன் முழு விலை அதற்குக் கிடைத்துவிட்டது. ஏலத்தில் வரும் ஒவ்வொரு லாட்டையும் (ஒரே எண்ணில் விற்கப்படும் பொருள் அல்லது பொருள்தொகுதி) நமக்கு முன்பே பல வியாபாரிகள் புரட்டிப் பார்த்திருப்பார்கள். அங்கே நாம் எதிர்பார்க்கக் கூடியது, என்ன பொருள், எந்தக் காலம், எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்த ஒன்று, நியாயமான விலையில். அதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்குத் தொடங்குவது, அட்டை விவரம் கொடுப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஏல நிறுவனத்தின் தளமே கையைப் பிடித்துக் கூட்டிப் போகும்.

படி 1: ஒரு மூலையைப் பிடியுங்கள்

சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாம், தாய்லாந்து என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்க முடியாது. தொடக்கத்தில் ஒரே ஒரு வகை போதும். என்னைக் கேட்டால் மூழ்கிய கப்பல்களின் சரக்கைச் சொல்வேன். 1752இல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சனின் சரக்கை 1986இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் ஏலம் விட்டது. 1822இல் மூழ்கிய டெக் சிங் என்ற சீனக் கப்பலிலிருந்து 1999இல் எடுக்கப்பட்ட சுமார் 3.5 லட்சம் பாண்டங்கள் 2000இல் ஸ்டுட்கார்ட்டில் விற்பனைக்கு வந்தன. அந்தத் தட்டுகளும் கோப்பைகளும் இன்றும் சிறிய ஏலங்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கப்பல் மூழ்கிய ஆண்டு தெரியும் என்பதால் காலத்தைப் பற்றிய சந்தேகம் குறைவு. அடியில் பழைய ஏலத்தின் லாட் எண் எழுதிய ஒட்டுத்தாள் இருந்தால் அதை உரித்துவிடாதீர்கள், அது பொருளின் வரலாறு. உப்புநீரில் கிடந்ததால் மேல்பூச்சு மங்கியிருக்கும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வணிக நோக்கில் கப்பல் சரக்கை எடுப்பதைத் தொல்லியலாளர்கள் பலர் எதிர்க்கிறார்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் பாண்டங்களை வாஷிங்டனில் காட்சிக்கு வைக்கும் திட்டம் 2011இல் இந்த எதிர்ப்பால்தான் நின்றது. அந்தப் பாண்டங்களை இப்போது சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். இரு தரப்பையும் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

வகையைத் தேர்ந்ததும் கொஞ்ச நாள் எதையும் ஏலம் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகள் இலவசம். அடிப்பகுதிப் படம் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விலை தெரிய விலைக் கையேடுகள் வேண்டாம், அவை சீக்கிரம் பழசாகிவிடும். முடிந்த ஏலங்களின் முடிவுகளைத் தேடுங்கள்.

படி 2: பட்டியல் வரியைப் படிப்பது

இந்தப் படியில்தான் நான் மிக அதிக நேரம் செலவழித்தேன். பலரும் படத்தையும் மதிப்பீட்டு விலையையும் பார்த்துவிட்டு, நடுவில் இருக்கும் எழுத்தைத் தாண்டிப் போகிறார்கள். அந்த எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

சீனப் பீங்கானின் அடியில் அரசர் பெயர் கொண்ட ஆட்சி முத்திரை இருக்கலாம். பெரும்பாலும் ஆறு எழுத்து, இரண்டு வரிசை. வலது வரிசையில் தொடங்கி மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து 'பெரும் மிங்' அல்லது 'பெரும் சிங்' என்று வம்சத்தைச் சொல்லும். அடுத்த இரண்டு அரசரின் ஆட்சிப் பெயர். கடைசி இரண்டு 'ஆண்டுகளில் செய்தது'. நான்கு எழுத்து முத்திரையில் வம்சப் பெயர் இருக்காது.

முத்திரையைப் படிக்கத் தெரிந்ததும் வரும் ஆபத்து, அதையே தேதியாக எடுத்துக்கொள்வது. சீனக் குயவர்கள் முந்தைய காலத்தின் மீதான மரியாதையால் பழைய முத்திரைகளைத் தாராளமாக எழுதினார்கள். காங்ஷி அரசர் காலத்தில் (1662–1722) செய்த பாண்டங்களில் 15ஆம் நூற்றாண்டின் சுவாண்டெ, செங்குவா முத்திரைகள் சாதாரணம். 1677இல் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்டெசெனின் அதிகாரி ஒருவர், உடைந்தால் அரசருக்கு அவமரியாதை என்று அரசர் பெயரையே எழுதக் கூடாது எனத் தடை போட்டார். அதனால் அந்தக் காலத்து நல்ல பாண்டங்கள் பலவற்றின் அடியில் வெறும் இரட்டை வட்டம்தான் இருக்கும், இல்லையென்றால் ஒரு இலை. பிறகு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காங்ஷி முத்திரையே நகல் எடுக்கப்பட்டது.

இப்போது பட்டியலுக்கு வருவோம். 'காங்ஷி மார்க் அண்ட் பீரியட்' என்றால் முத்திரையும் அந்தக் காலத்தது, பொருளும் அந்தக் காலத்தது என்று ஏல நிறுவனம் நம்புகிறது. 'காங்ஷி மார்க், 19ஆம் நூற்றாண்டு' என்றால் பொருள் பிந்தையது. இதில் ஒளிவுமறைவு இல்லை, நல்ல பொருளாகவும் இருக்கலாம். 'காங்ஷி மார்க்' என்று மட்டும் போட்டு நூற்றாண்டைச் சொல்லாமல் விட்டிருந்தால், காலத்துக்கு அவர்கள் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். 'காங்ஷி ஸ்டைல்' என்றால் அந்தப் பாணியில் பின்னாளில் செய்தது, நேற்றுச் செய்ததாகக்கூட இருக்கலாம். நான்குக்கும் ஒரே படம் போட முடியும். விலையில் ஒன்றுக்கு நூறு மடங்கு வித்தியாசம் வரலாம்.

இன்னொரு விஷயம், உத்தரவாதம். பின்னால் பொருள் போலி என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை பெரும்பாலும் தலைப்பு வரியில் உள்ள சொற்களுக்கு மட்டும்தான். கீழே உள்ள விளக்கப் பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கணக்கில் வராது. பெரிய நிறுவனங்களில் இந்த உரிமை பொதுவாக 5 ஆண்டு, சிறிய இடங்களில் சில வாரங்கள்தான். விற்பனை விதிமுறைகளைத் திறந்து இந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுங்கள்.

அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. உற்பத்தியான நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது அப்போதிருந்துதான். ஆனால் அந்தச் சொல் இல்லை என்பதால் பொருள் பழையது என்று ஆகிவிடாது, எல்லாப் பாண்டமும் அமெரிக்காவுக்குப் போகவில்லை.

படி 3: நிலை அறிக்கை கேட்பது

பட்டியலில் சேதம் எதுவும் எழுதவில்லை என்றால் சேதமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏலத்துக்குச் சில நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். 'நிலை எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால் 'வயதுக்கேற்ற தேய்மானம்' என்று பொதுவாகவே பதில் வரும். நான் கேட்பது இப்படி: மயிரிழை விரிசல் உண்டா, எந்த இடத்தில், எவ்வளவு நீளம்? விளிம்பு தேய்க்கப்பட்டதா? கழுத்து வெட்டிக் குறைக்கப்பட்டதா? மேலே புதிதாக வண்ணம் அடித்த இடம் உண்டா? விளக்காக மாற்ற அடியில் துளை போட்டார்களா? மூடி அதே பாண்டத்துடையதா? அடிவளையத்தின் (பாண்டம் தரையில் ஊன்றி நிற்கும் வளையம்) நெருக்கமான படமும், உள்பக்கத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும் கேட்கிறேன். நல்ல நிறுவனம் அனுப்பும். அனுப்ப மறுத்தால் அந்த லாட்டை விட்டுவிடுகிறேன்.

எல்லாச் சேதமும் ஒன்றல்ல. சூளையிலேயே விழுந்த விரிசலைச் சந்தை பெரும்பாலும் மன்னித்துவிடும், பிறகு விழுந்த விரிசலுக்கு விலை பெரிதாகச் சரியும். 1620களில் ஜப்பானிய தேநீர்ச் சடங்குக்காக ஜிங்டெசெனில் செய்த நீல வெள்ளைப் பாண்டங்களின் விளிம்பில் பூச்சு அங்கங்கே உதிர்ந்திருக்கும். ஜப்பானியர்கள் அதைப் பூச்சி அரித்தது என்று சொல்லி ரசித்தார்கள், இன்றும் ரசிக்கிறார்கள். அரக்கும் தங்கத் தூளும் வைத்து ஒட்டிய ஜப்பானியக் கிண்ணமும் அப்படித்தான். அரண்மனைக்குச் செய்த சிங் காலப் பாண்டத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

நேரில் பார்க்க முடிந்தால் கட்டாயம் போங்கள். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மூடியை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தூக்குங்கள். கழுத்தையோ கைப்பிடியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பணியாளரிடம் கேட்டுவிட்டு, கிண்ணத்தை விரல் நுனிகளில் நிறுத்தி விளிம்பை மெல்லச் சுண்டுங்கள். நீண்டு ஒலித்தால் நல்லது. சட்டென்று செத்துப்போனால் எங்கோ விரிசல் இருக்கிறது. அடிவளையம் விரலுக்கு வழுவழுப்பாக இருக்க வேண்டும். அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய கீறல்கள் பல திசையில் போகும், ஒரே திசையில் போனால் யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

கருவிகள்: 10 மடங்கு கையடக்க லென்ஸ் போதும், 30 மடங்கில் எதையும் நிலையாகப் பார்க்க முடியாது. புற ஊதா டார்ச் வாங்கினால் 365 நானோமீட்டர் வாங்குங்கள். விலை குறைவான 395இல் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்துவிடும், ஒட்டுவேலை தெரியாது. ஆனால் சில புதிய பசைகள் புற ஊதாவில் ஒளிர்வதில்லை, அதனால் டார்ச் பச்சைக்கொடி காட்டியது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். சீனாவின் டாங் வம்ச காலத்து மண் குதிரை போன்றவற்றுடன் வெப்ப ஒளிர்வுச் சான்றிதழ் (மண் எப்போது சுடப்பட்டது என்று அளக்கும் சோதனையின் தாள்) வரும். அது மாதிரி எடுத்த இடத்தின் வயதைத்தான் சொல்கிறது. பழைய துண்டைப் புதிய உடலில் பொருத்தியவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழை மட்டும் நம்பி நான் எதையும் எடுப்பதில்லை.

படி 4: எல்லையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

சுத்தியல் விழும் விலை, அதாவது ஏலம் முடியும் விலை, நீங்கள் கொடுக்கும் விலை ஆகாது. ஒரு மாதிரிக் கணக்கு: சுத்தியல் விலை 1,000. வாங்குபவர் கட்டணம் 25 சதவீதம், அதாவது 250. இணையத் தளக் கட்டணம் 5 சதவீதம், 50. இந்த இரண்டின் மீதும் 20 சதவீத வரி, 60. மொத்தம் 1,360. பொட்டலம், அனுப்பும் செலவு, காப்பீடு 180 என்றால் 1,540. இறக்குமதி வரி இன்னும் வரவில்லை.

ஆகவே தலைகீழாகப் போடுங்கள். கையில் 1,000 இருந்தால் 180ஐக் கழித்து, மீதி 820ஐ 1.36ஆல் வகுக்க வேண்டும். 600 சொச்சம் வரும். உங்கள் எல்லை 600. இதை ஒரு தாளில் எழுதிக் கண்ணெதிரே வையுங்கள்.

ஏலம் கேட்கும் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரிசர்வ் விலை (இதற்குக் கீழே விற்க மாட்டோம் என்று வைத்த விலை) வழக்கமாகப் பட்டியலில் உள்ள கீழ் மதிப்பீட்டைத் தாண்டாது, ஆகவே அதற்கும் கொஞ்சம் கீழேகூட லாட் போகலாம். நேரடி ஏலத்தைவிட, எல்லையை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடித்த முறை. ஒரே தொகைக்கு இருவர் எழுதியிருந்தால் பொதுவாக முதலில் வந்தவருக்கே கிடைக்கும், அதனால் சீக்கிரம் கொடுங்கள். ஒரு தரம், இரண்டு தரம் என்று கேட்கும்போது கை தானாக எழும். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

படி 5: வீடு வந்து சேரும் வரை

பல ஏல நிறுவனங்கள் பொட்டலம் கட்டாது, வேறொரு அனுப்பும் நிறுவனத்தைக் கைகாட்டும். ஏலத்துக்கு முன்பே அங்கே விலை கேட்டுவிடுங்கள். பெட்டிக்குள் பெட்டி, மூடி தனியாக, தங்கப் பூச்சின் மேல் ஒட்டுநாடா கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள்.

சுங்கத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்களுக்கு 9706 என்ற தனித் தலைப்பு உண்டு. பல நாடுகளில் அதற்கு வரி குறைவு. ரசீதில் காலமும் இந்த எண்ணும் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். தொல்லியல் பொருள் (மண்ணிலிருந்தோ பழைய இடிபாடுகளிலிருந்தோ எடுத்தது) என்றால் முன்பு யாரிடம் இருந்தது என்ற தாள் வேண்டும். 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே தாய்நாட்டைவிட்டு வெளியே வந்ததற்கு ஆதாரம் இருந்தால் மிக நல்லது. தாள் இல்லாத பழைய சிலை, கல்லறைப் பொருள் பக்கம் போகவே போகாதீர்கள். அது யாரோ ஒருவருடைய கோயிலிலிருந்தோ புதைகுழியிலிருந்தோ வந்திருக்கலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

பட்டியலில் 'ஏ/எஃப்' என்று இருக்கிறதே, என்ன என்று சிலர் கேட்டார்கள். 'ஆஸ் ஃபவுண்ட்' என்பதன் சுருக்கம். சேதம் இருக்கிறது, எவ்வளவு என்று நாங்கள் சொல்லப்போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். கற்றுக்கொள்ள உடைந்த பாண்டம் தேடுபவர்களுக்கு இது நல்ல இடம், உடைந்த விளிம்பில் களிமண்ணையும் பூச்சின் கனத்தையும் நேராகப் பார்க்கலாம்.

ஒருவர் எடுத்த ஜாடி அதன் மரப்பீடத்தால் சுங்கத்தில் நின்றுவிட்டது. நான் பீடத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை, சொன்னவருக்கு நன்றி. ரோஸ்வுட் வகை மரங்கள் பலவற்றுக்கு அழியும் உயிரினங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு. தந்தத்தில் செய்த குமிழ் வைத்த மூடிக்கு இன்னும் கடுமை. மரப்பீடம் தேவையில்லை என்றால் அதை அனுப்ப வேண்டாம் என்று முன்பே எழுதிவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவருபவர்களுக்கு: 2025 ஜூன் 28 முதல் புதிய விதி நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உருவான 250 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்லியல் பொருளுக்கு இறக்குமதி உரிமம் வேண்டும். 200 ஆண்டுக்கு மேற்பட்ட, 18,000 யூரோவும் அதற்கு மேலும் மதிப்புள்ள வேறு பல கலைப்பொருள்களுக்கு இறக்குமதியாளரின் உறுதிமொழி வேண்டும்.

உடைந்து வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தார்கள். பிரிப்பதற்கு முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். பிரிப்பதை முழுவதும் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். துண்டுகளை ஒட்டாமல், அதே பெட்டியிலும் அதே பொதிப்பொருளிலும் வைத்து, அன்றே அனுப்பிய நிறுவனத்துக்கும் காப்பீட்டுக்கும் எழுதுங்கள். சில இடங்களில் புகார் சொல்லும் கெடு மிகக் குறைவு, அதைப் பணம் கட்டும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.